சிங்கம் பொய், வெள்ளி மெய்

சீன ஏற்றுமதி வெள்ளியை இனங்காண்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் சீனாவைத் தேடினேன். அரைப் பக்கம் தேறவில்லை. மற்றதெல்லாம் லண்டன். கட்டுரையாளரின் வாதம் இதுதான்: பாத்திரத்தைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள். லண்டன் முத்திரை போல இருந்து லண்டன் பதிவேட்டில் அது இல்லையென்றால் போலி, எடைக்குப் போட்டுவிடுங்கள். ‘டபிள்யூ.எச். 90’ என்று இருந்தால் அசல், கேட்ட விலையைக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே கருவி தீர்த்து வைக்கும்.

மூன்றும் தப்பு. முதலாவது தப்பு மட்டுமல்ல, அதை நம்புகிறவர் கைப்பொருளையும் இழப்பார்.

லண்டனில் வெள்ளி மேல் சிங்க முத்திரை விழ வேண்டுமென்றால் பொற்கொல்லர் கூடத்தில் மாற்றுப் பார்க்க வேண்டும். ஆயிரத்துக்கு 925 தேற வேண்டும். அது சட்டம். சீனத் துறைமுகமான காண்டனில் அப்படி ஒரு கூடம் இருந்ததேயில்லை. ஏற்றுமதிக்குப் போன பாத்திரங்களை எந்தச் சீன அதிகாரியும் மாற்றுப் பார்த்து முத்திரையிடவில்லை. 1757 முதல் 1842 வரை மேற்கத்திய வணிகர்கள் அந்த ஒரு துறைமுகத்தில்தான் கொள்முதல் செய்யலாம். அவர்களுடைய பதின்மூன்று பண்டகசாலைகளை ஒட்டிய தெருக்களில் தட்டார்கள் கடை போட்டிருந்தார்கள். 1784-இல் அமெரிக்கக் கப்பல்களும் வரத் தொடங்கின. மாதிரிக்கு ஓர் ஆங்கிலக் கரண்டியைக் கொடுத்தால் அதன் காம்பு வளைவும் வந்தது, காம்பின் பின்னாலிருந்த சிங்கமும் வந்தது. வாங்கிய கப்பல் தலைவன் காண்டன் தெருவில் நின்று, காண்டன் தட்டாரிடம் பேரம் பேசித்தான் வாங்கினான். அவனை யார் ஏமாற்றினார்கள்?

கட்டுரையாளர் எள்ளி நகையாடும் ஒரு முத்திரையையே எடுத்துக்கொள்வோம். லண்டனில் வில்லியம் எலி, வில்லியம் ஃபியர்ன், வில்லியம் சானர் என்ற மூவர் 1808-இல் கூட்டாகத் தங்கள் முத்திரையைப் பதிந்தார்கள். மூன்று வில்லியம்களுக்கு மூன்று ‘டபிள்யூ’, பக்கத்தில் முறையே ‘இ’, ‘எஃப்’, ‘சி’. காண்டனில் இதைப் பார்த்து அச்சு வெட்டியவருக்கு ஆங்கில எழுத்து வெறும் கோடு. ‘எஃப்’பின் காலில் ஒரு கோட்டைக் கூடுதலாக இழுத்துவிட்டார், அது ‘இ’ ஆகிவிட்டது. “எழுத்துக்கூடத் தெரியாத போலி” என்கிறார் நம்மவர். ஐயா, அந்தக் கோணல் ‘இ’தான் பாத்திரத்தின் பிறப்புச் சான்றிதழ். லண்டனில் யாரும் தன் பெயரைத் தப்பாக வெட்டிக்கொள்ள மாட்டார். நீங்கள் எடைக்குப் போடச் சொல்கிற அந்தக் கரண்டியைச் சேகரிப்பவர்கள் இந்த ஒரு கோட்டுக்காகவே தேடுகிறார்கள்.

இதே லண்டன் மோகத்தில்தான் ‘கே.எச்.சி.’ என்று பொறித்த கரண்டி ஒன்றுக்கு “1820-க்கு முன்” என்று தேதி குறித்திருக்கிறார். காரணம், முத்திரை வரிசையில் மூன்றாம் ஜார்ஜின் சாயலில் ஒரு தலை. லண்டனில் ஆள்பவரின் தலை வரி கட்டியதற்கான அடையாளம். 1784-இல் தொடங்கி 1890-இல் ஒழிந்தது. காண்டனில் அது வெறும் அலங்காரம், எந்த வரியும் யாரும் கட்டவில்லை. கே.எச்.சி. என்பது கெசியோங் கடை. அது புகழோடு இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். அதற்குள் ஜார்ஜ் மண்ணுக்குள் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

சரி, அசல் என்று அவர் சத்தியம் செய்யும் ‘டபிள்யூ.எச். 90’க்கு வருவோம். அது வாங் ஹிங் கடையின் முத்திரை. 90 என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி என்ற உறுதிமொழி. உறுதி சொல்வது யார்? விற்கிற கடைக்காரரேதான். அந்த எண் எங்கிருந்து வந்தது என்றாவது கேட்டிருக்கலாம். தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாகக் காண்டனில் கொட்டிய ஸ்பானிய டாலரில் வெள்ளி ஏறக்குறைய அதே அளவுதான்; அதை உருக்கித்தான் பாத்திரம் அடித்தார்கள். ஆங்கில எழுத்து கடையைச் சொல்லும். பக்கத்தில் குத்தியிருக்கும் சீன எழுத்துதான் உண்மையில் சுத்தியல் பிடித்த பட்டறையைச் சொல்லும். ஒரே வாங் ஹிங் பெயரின்கீழ் பல பட்டறைகளின் எழுத்துகள் கிடைக்கின்றன. கட்டுரையாளர் அவற்றைப் படக்குறிப்பில் “சில சீனக் கீறல்கள்” என்று எழுதிக் கடந்துவிட்டார். பட்டறையின் பெயரைக் கீறல் என்கிறவர் நமக்குப் பாடம் எடுக்கிறார்.

டிராகன் இருந்தால் சீனா என்ற அவருடைய சூத்திரத்துக்கு ஒரு வரி போதும்: ஜப்பானின் யோகோஹாமா வெள்ளியிலும் டிராகன் உண்டு.

எக்ஸ்ரே கருவி மேல்தோலைத்தான் படிக்கும், சில பத்து மைக்ரான் ஆழம். பாத்திரத்தைக் காய்ச்சி அமிலத்தில் வெளுக்கும் ஒவ்வொரு தடவையும் மேல்தோலில் செம்பு கழிந்து வெள்ளி கூடும். கருவி காட்டும் மாற்றும் ஏறும். தடித்த முலாம் பூசினால் பித்தளையும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். பழைய வெள்ளியில் தங்கமும் ஈயமும் துளித்துளியாகத் தங்கியிருக்கும் என்பது உண்மை, அதைக் கருவி காட்டினால் உபயோகம்தான். ஆனால் மின்பகுப்பில் சுத்திகரித்த வெள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வந்துவிட்டது. 1920-களின் ஷாங்காய்ப் பாத்திரம் ஒன்றில் தங்கத்தின் தடயமே இல்லாவிட்டால் அது போலியாகிவிடுமா? கருவி உலோகத்தைச் சொல்லும். யார், எப்போது செய்தார்கள் என்று அதைக் கேட்பது கேட்பவரின் குற்றம்.

கேட்க வேண்டியது வேலைப்பாட்டை. புடைப்பு வேலை செய்த குவளை என்றால் வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருக்கும். உள்ளே வழவழவென்று இருந்தால் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். உள்தகடு சேரும் கோடு தட்டுப்படும், ஏனென்றால் புடைப்பின் பின்புறத்தை மறைக்க அப்படி ஒரு தகடு வைப்பது அவர்கள் வழக்கம். பள்ளமும் இல்லை, கோடும் இல்லை என்றால் வார்ப்பாக இருக்கலாம். லூப் எனும் உருப்பெருக்கியில் டிராகனின் செதில்களைப் பாருங்கள். உளி பட்ட செதிலுக்குக் கூர்மையான ஓரம் இருக்கும், அடுத்த செதில் ஒரு மயிரிழை வேறுபடும். அசலிலிருந்து அச்செடுத்து வார்த்ததில் ஓரங்கள் மழுங்கி, குழிகளில் ஊசிமுனைத் துளைகள் தெரியும். முத்திரைக்கும் இதே கதிதான். குத்திய எழுத்தின் அடி தட்டையாகவும் கரை செங்குத்தாகவும் இருக்கும், மெல்லிய தகடானால் மறுபக்கம் லேசாகப் பிதுங்கியும் இருக்கும். வார்த்த எழுத்து உருகிய வெல்லம் மாதிரி.

இதில் எதையும் அவருடைய பட்டியலில் காணோம். பத்து அம்சங்கள் கொடுத்திருக்கிறார், பாத்திரத்தின் உள்ளே எட்டிப் பார் என்று ஒன்றுகூட இல்லை. கீலை ஆட்டிப் பாருங்கள் என்பது மட்டும் சரி, அதற்கு நன்றி.

படத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது என் வழக்கமல்ல. ஆனாலும் “ஐயத்துக்கு இடமில்லாத அசல்” என்று அவர் பெரிதாக அச்சிட்டிருக்கும் குவளையின் முத்திரையை லூப்பில் பார்த்தேன். ‘எச்’சின் இரண்டு கால்களுக்கு நடுவே ஊசித்துளைகள் நான்கைந்து தெரிகின்றன. 90-இன் சுழியத்துக்கு உள்கரையே இல்லை. அந்தக் குவளையை வாங்கியவர் யாராக இருந்தாலும், பணம் இன்னும் கைமாறவில்லை என்றால், உள்ளே கைவிட்டு விளிம்பைத் தடவிப் பார்க்கட்டும்.