பாப்பா தூங்கும்போது பணம் பண்ணலாமா?

"வீட்டில் சும்மாதானே இருக்கீங்க? குழந்தையைப் பார்த்துக்கிட்டே கையால் வாழ்த்து அட்டை செய்து கை நிறைய சம்பாதிக்கலாம்!"

இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் கை தூக்கலாம். யாரும் தூக்க மாட்டீர்கள்! ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு சுவரில் இருந்தது, இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே வேலை, வீடு, குழந்தை மூன்றையும் 'பேலன்ஸ்' செய்வதற்குப் பத்து டிப்ஸ். விடிகாலை நாலு மணிக்கு எழுந்திரு, குழந்தை தூங்கும்போது வெட்டு, விளையாடும்போது ஒட்டு... (அம்மா எப்போது தூங்குவது என்பதற்கு மட்டும் டிப்ஸ் கிடையாது.)

ஒரே வாக்கியத்தில் மூன்று பொய். ஆனால் நகரத்து ஃபிளாட்டில் உட்கார்ந்து பார்த்தால் இந்தப் பொய்கள் தெரியாது. அங்கே கார்டு செய்வது பொழுதுபோக்கு. விற்றால் சந்தோஷம், விற்காவிட்டால் ஃபிரிட்ஜ் மேல் அலங்காரம். அதனால் ஜவ்வாது மலைக்குப் போய்ப் பார்ப்போம்.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் மலை இது. வெளியாட்களுக்குத் தெரிந்தது காவலூர் வானாய்வகம், பீமன் அருவி, ஜமுனாமரத்தூர் கோடை விழா. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர் (கேரளத்து மலையாளி இல்லை சாமி!). சாமை, புளி, தேன், கடுக்காய் என்று பிழைப்பு. அது போதாமல் ஆண்கள் வெளியூர் வேலைக்கு இறங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் நூறு ரூபாய் பாக்கெட் மணி இல்லை. அது அரிசி, மருந்து, பஸ் சார்ஜ். அவளிடம் போய் 'கார்டு செய்மா, நல்ல வருமானம்' என்று சொல்வதற்கு முன் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டாமா?

பொய் நம்பர் 1: 'சும்மா'

மத்திய அரசே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2024 இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் செலவழிப்பது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனி. அதில் பெண்கள் 137, ஆண்கள் 75. இதற்குப் பெயர் சும்மாவா? ஆபீஸில் இத்தனை மணி நேரம் வேலை செய்தால் ஓவர்டைம் கேட்போம்.

பொய் நம்பர் 2: 'பார்த்துக்கிட்டே'

குவில்லிங் கார்டு செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மெல்லிய காகித நாடாவை ஊசியில் சுற்றி, விரலால் அமுக்கி வடிவம் கொண்டுவந்து, பசை காய்கிற வரை ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். பக்கத்தில் கத்தரிக்கோல், கட்டர், மணி, ஜிகினா. தவழ ஆரம்பித்த பிள்ளை எதை முதலில் வாயில் வைக்கும் என்று சொல்லவே வேண்டாம். ஒன்று கார்டைப் பார்க்கலாம், இல்லை பிள்ளையைப் பார்க்கலாம்.

இதைச் சட்டமே ஒருமுறை ஒத்துக்கொண்டிருக்கிறது. 2005-ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையில், வேலை நடக்கும் இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால், பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க அமர்த்த வேண்டும், அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு பார்வைதான், ஒருவருக்கு ஒரு வேலைதான்! மண் வெட்டுகிற இடத்தில் புரிந்த விஷயம், காகிதம் வெட்டுகிற இடத்தில் புரியாமல் போவது ஏன்?

பொய் நம்பர் 3: 'சம்பாதிக்கலாம்'

பி.காம். படிக்கிற யாரும் முதலில் கேட்பது, காஸ்ட் ஷீட் எங்கே? மூலப்பொருள், கூலி, மேற்செலவு. ஒரு உதாரணம் போடுவோம் (உங்களுக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்). கார்டு விலை 80 ரூபாய். காகிதம், பசை, உறை 25. விற்றுக் கொடுப்பவருக்கு 20. மீதி 35. 'லாபம்' என்பார்கள்.

இல்லை. செய்ய ஒன்றரை மணி நேரம் ஆனால், அந்த 35 அவளுடைய கூலி. மணிக்கு 23 ரூபாய் சொச்சம். 2025-26-ல் தமிழ்நாட்டில் ஊரக வேலைத் திட்டத்துக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமும் விடாமல் கார்டு செய்தாலும் 190 ரூபாயைத் தொடாது. கைக்குழந்தைக்காரிக்கு எட்டு மணி நேரம் யார் கொடுப்பார்கள்? பிள்ளை தூங்கும் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் நாளைக்கு 46 ரூபாய். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் சமையல், துவையல், தண்ணீர் எல்லாம்.

மலைக்கு என்று தனிச் செலவும் உண்டு. புத்தாண்டு, பொங்கல் கார்டுக்கு வேலை நடக்க வேண்டியது அக்டோபர், நவம்பரில். வடகிழக்குப் பருவமழைக் காலம். காகிதம் ஈரம் இழுக்கும், பசை காயாது. வாங்குகிறவர்கள் எல்லாம் கீழே. போளூருக்கோ திருப்பத்தூருக்கோ பஸ் பிடித்து, இடுப்பில் பிள்ளையோடு இறங்க வேண்டும். அந்த ஒரு நாள் எந்தக் காஸ்ட் ஷீட்டில் வருகிறது?

இங்கே வழக்கமாகச் சில பதில்கள் வரும்.

'பாட்டி பார்த்துக்குவாங்க.' மலையில் பாட்டியும் உழைப்பாளிதான். புளி பொறுக்கவும் காட்டு வேலைக்கும் போகிறவரை ஓசி ஆயாவாகக் கணக்கில் எழுதக் கூடாது.

'ஃபேக்டரி வேலையை விட இது மேல்.' மலைக்குக் கீழே ஆம்பூர் பக்கம் ஷூவின் மேல்பாகத்தை வீட்டில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்களைக் கேளுங்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவர்களைக் கேளுங்கள். இடம் வீடுதான், முதலாளி வெளியில்தான். ஒன்றுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட். கரண்ட், இடம், பிள்ளை எல்லாம் அவள் தலையில். பீடி சுற்றுகிறவர்களையாவது 1966-ல் வந்த சட்டம் வீட்டில் இருந்தாலும் தொழிலாளி என்று ஏற்றுக்கொண்டது. கார்டு செய்கிறவளை 'தொழில்முனைவோர்' என்று புகழ்ந்துவிட்டுக் கை கழுவிவிடுகிறோம்.

'அவளுக்குப் பிடித்திருக்கிறது.' தாராளமாகச் செய்யட்டும்! கைவேலையில் கிடைக்கும் நிம்மதியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிடித்த வேலை என்பதற்காகக் கூலியைக் குறைக்கலாம் என்றால் முதலில் நம் பேராசிரியர்களிடம் சொல்லிப் பார்க்கலாமா?

சட்டம் என்ன செய்கிறது? தமிழக அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். கம்பெனி வேலைக்கு 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், 50 பேர் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். வீட்டில் கார்டு செய்பவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு பூஜ்யம் நாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு, நல்ல திட்டம். ஆனால் அது பிள்ளையைப் பார்க்க ஆள் தராது. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி 2 வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு சத்துமாவு கிடைக்கும், பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுவழி வேலைக்கென்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் கொண்டுவந்த 177-வது உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. 6 மாதக் குழந்தையிலிருந்தே பார்த்துக்கொள்ள மத்திய அரசின் 'பால்னா' என்ற அங்கன்வாடிக் காப்பகத் திட்டம் 2022 முதல் இருக்கிறது. மலைக் கிராமங்களுக்குத்தான் அது முதலில் வர வேண்டும். மகளிர் குழுவுக்குக் கைவினைப் பயிற்சி கொடுப்பவர்கள் கத்தரிக்கோல் வாங்கும் பட்ஜெட்டிலேயே தூளிக்கும் ஓர் ஆளுக்கும் சம்பளம் எழுத வேண்டும். ஐந்து தாய்மார் கார்டு செய்தால் ஆறாவது பெண் பிள்ளைகளைப் பார்க்கட்டும், அவருக்கும் கூலி. இதனால் கார்டு விலை ஏறுமா? ஏறும். ஏறட்டும். அதுதான் நிஜமான அடக்க விலை. இத்தனை நாள் மீதியைக் கொடுத்துவந்தது அந்தத் தாயும் பிள்ளையும்.

ஆகவே மக்களே, 'பேலன்ஸ் செய்வது எப்படி' என்று அவளுக்கு டிப்ஸ் ஃபார்வர்டு செய்வதை முதலில் நிறுத்துங்கள். தராசில் ஒரு தட்டை அவள் தலையில் வைத்துவிட்டு, சரியாகப் பிடி என்று சொல்வது நியாயமில்லை. அடுத்த முறை கைவினைக் கண்காட்சியில் ஒரு கார்டைத் திருப்பிப் பார்த்து "ஒரு பேப்பருக்கு எண்பது ரூபாயா?" என்று பேரம் பேசத் தோன்றினால், செய்ய எத்தனை மணி நேரம் ஆச்சு, பிள்ளையை யார் பார்த்தார்கள் என்று கேளுங்கள். அதற்கப்புறம் பேரம் பேச மனசு வந்தால் பேசுங்கள்.