அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அஞ்சல் தலை ஒன்றுதான்!



செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரத்தில் விடுதி வராந்தாவில் கேட்கிற பேச்சு ஒன்றுதான். "மச்சி, அறுபதைத் தாண்டலை. இனிமே எந்த கன்சல்டன்ட் ஆபீஸ்ல நம்மளை டிரெயினிங்குக்கு எடுக்கப் போறாங்க?" கேட்டவன் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறான். அவனை எந்த ஆபீசும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவனேதான் சொல்லிக்கொண்டான். சிவில் பிரிவில் படிக்கும் நம் தோழர்களிடம் இந்த வழக்கம் வேர்விட்டு வருகிறது. இதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் உண்மையைப் பேசிவிடுவோம். "மார்க்கே தேவையில்லை" என்று மேடையில் யாராவது சொன்னால் கைதட்டுங்கள், நம்பாதீர்கள்! டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேர மார்க்தான் வழி. கேம்பஸுக்கு வரும் பெரிய கம்பெனிகள் பல, 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெயரையே வாங்குவதில்லை. அரியர் இருந்தால் பேச்சே இல்லை. ஆகவே அரியரை முடிப்பது முதல் கடமை. அதில் சமாதானம் கிடையாது.

ஆனால் அந்த 60 என்ற கோடு எதற்காக வந்தது? பத்து இடத்துக்கு ஐந்நூறு பேர் மனுப் போட்டால் அத்தனையையும் உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரமில்லை. அதற்காகப் போட்ட சல்லடை அது. மணல் சலிக்கிற சல்லடையில் நிற்கிற கல்லெல்லாம் உதவாத கல்லா என்ன? ஜல்லியாக அதுவே கான்கிரீட்டுக்குப் போகிறது. கூட்டம் இருக்கிற இடத்தில்தான் சல்லடை வேண்டும். ஐந்தாறு பேர் வேலை செய்கிற ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் ஆபீசில் பெரும்பாலும் கூட்டம் இல்லை, சல்லடையும் இல்லை. அங்கே உங்கள் கடிதத்தைப் பிரிப்பவர் அந்த இன்ஜினியரே!

அவர் கவலை என்ன? நாளை சைட்டுக்கு டிராயிங் போக வேண்டும். கம்பி அட்டவணை தப்பாகப் போனால் கட்டுநர் போனிலேயே சண்டைக்கு வருவார். பையனுக்கு டிராயிங் படிக்கத் தெரியுமா, அளவெடுத்தால் சரியாக எடுப்பானா, தெரியாததைத் தெரியாது என்று சொல்வானா? இந்த மூன்றும்தான் அவருக்கு வேண்டும். மூன்று மணி நேரப் பரீட்சை இந்த மூன்றையும் முழுதாக அளந்துவிடாது. ஆபீசில் ஐ.எஸ். 456 புத்தகம் மேசை மேலேயே திறந்து கிடக்கும். மனப்பாடம் தேவையில்லை, எதை எங்கே தேடுவது என்று தெரிந்தால் போதும்.

அப்படியானால் மார்க் பட்டியலோடு இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நம் கல்லூரி மாடிப்படியையே டேப் பிடித்து அளந்து, பிளானும் வெட்டுத்தோற்றமும் ஆட்டோகேடில் வரையுங்கள். அந்தப் படிக்கு ஒரு கம்பி விவரத்தை நீங்களே அனுமானித்து, பார் பெண்டிங் அட்டவணை போடுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கப்படுத்தி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே! தூணுக்கு 40 மி.மீ. கவர், அஸ்திவாரத்துக்கு 50 என்று ஏன் வைக்கிறார்கள் என்பதை நாலு வரியில் எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டு தாள், மூன்று நாள் உழைப்பு. 85 சதவீதம் வாங்கியவர் இதைக் கொண்டு போகவில்லை என்றால், பேச்சு உங்களிடம்தான் தொடங்கும்.

மார்க்கை மறைக்காதீர்கள். 58-ஐ 60 என்று எழுதுவது கேவலம். சான்றிதழ் கேட்டால் அன்றே தீர்ந்தது. முதல் செமஸ்டரில் 49, அடுத்து 55, இப்போது 63 என்று ஏறியிருந்தால் அப்படியே வரிசையாகப் போடுங்கள். ஏறுமுகம் கண்ணில் படும். "ஏன் தம்பி குறைஞ்சுது?" என்று கேட்டால் ஒரே வாக்கியம் போதும். தமிழ் மீடியத்திலிருந்து வந்ததால் முதல் ஆண்டு தடுமாற்றமா, இரவு வேலையா, உள்ளதைச் சொல்லுங்கள். அழுது சொல்ல வேண்டாம், வீறாப்பும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. குறைந்த மார்க்காரனைக் குறிவைத்தே சிலர் கடை விரித்திருக்கிறார்கள். பணம் கட்டினால் வேலையே செய்யாமல் பயிற்சிச் சான்றிதழ்! அந்தக் காகிதத்தை நம்பிப் போகிறவனிடம் முதல் நாளே ஒரு பீம் டிராயிங்கை நீட்டினால் கதை முடிந்தது. சின்ன ஆபீசில் பஸ் காசு மட்டும் கிடைக்கலாம், அதுவும் இல்லாமல் போகலாம். அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாம் காசு கொடுத்து மட்டும் போகக் கூடாது.

டிப்ளமோ முடித்த பிறகும் ஒரு வாசல் இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் 1973-ல் திருத்தப்பட்டு டிப்ளமோக்காரர்களையும் சேர்த்துக்கொண்டது. அதன்படி ஓராண்டுப் பயிற்சி, உதவித்தொகையோடு. சென்னை தரமணியில் இருக்கிறது தென்மண்டல வாரியம். பெரிய நிறுவனங்கள் பல அங்கேயும் மார்க் வரிசையில்தான் கூப்பிடுகின்றன. ஆனால் முன்பே ஓர் ஆபீசில் வேலை பழகியவனுக்கு நேர்முகத்தில் பேச விஷயம் இருக்கும்.

கடைசியாக நம் மாணவர் பேரவைக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, நம் ஊரில் உள்ள கன்சல்டன்ட் ஆபீஸ்கள், சர்வே ஆபீஸ்கள், மண் பரிசோதனைக் கூடங்களின் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி நூலகத்தில் வைக்க வேண்டும். போய் வந்த சீனியர்கள் "இங்கே இது கேட்டார்கள்" என்று அதில் எழுதட்டும். இரண்டு, கல்லூரி தரும் அறிமுகக் கடிதம் சதவீதம் பார்க்காமல் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆபீஸ்காரர் வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. அவருக்கு முன்னால் நம் கல்லூரியே ஏன் சொல்ல வேண்டும்?

தோழா, நூறு மார்க்காரன் அனுப்பும் கடிதத்துக்கும் உன் கடிதத்துக்கும் அஞ்சல் தலை ஒரே விலைதான். போடு!

– மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்