பழைய லேப்டாப் வாங்கினால் கௌரவம் குறைந்துவிடுமா?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு கவலைகள் ஆரம்பமாகிவிடுகின்றன. எந்தக் காலேஜில் இடம் கிடைக்கும் என்பது ஒன்று. பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்குவது என்பது மற்றொன்று. முதலாவது நம் கையில் இல்லை. இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் அதில்தான் பணத்தை வீணாக்குகிறோம் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற வருஷம் எங்கள் குடியிருப்பில் ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "அண்ணா, கேமிங் லேப்டாப்தான் வேணும்னு நிக்கறான். எழுபதாயிரமாம். தவணையில வாங்கிடலாமா?" பையன் சேரப்போவது பி.காம். அதற்குத் தேவை எக்ஸெல், டாலி, கொஞ்சம் தட்டச்சு, வீடியோவில் பாடம் கேட்பது, அவ்வளவுதான். கொத்தமல்லிக்கட்டு வாங்கிவர லாரி பிடித்த கதை! கேமிங் மெஷின் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். சார்ஜரும் செங்கல் மாதிரி. அதைச் சுமந்துகொண்டு மயூர் விஹாரிலிருந்து விஸ்வவித்யாலயா ஸ்டேஷன் வரை தினமும் மெட்ரோவில் நிற்கவேண்டும்.

என்னை உறுத்தியது அதுவல்ல. அந்த வீட்டில் இரண்டு வயது இளைய பெண் ஒருத்தி இருக்கிறாள். "அவளுக்கு அப்புறம் இவனோடதே போதும்" என்றார் அம்மா, வெகு சாதாரணமாக. அந்தப் பெண் படிக்க ஆசைப்படுவது கம்ப்யூட்டர் சயன்ஸ். எழுபதாயிரத்தைப் பையனுக்கே செலவழித்துவிட்டு, நிஜமாகவே நல்ல மெஷின் தேவைப்படும் பெண்ணுக்கு உழைத்துத் தேய்ந்ததைத் தருவது என்ன கணக்கு? நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதல்ல என்பதுதான் வருத்தம்.

நேரு பிளேஸுக்குப் போய்ப் பாருங்கள். கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் உபயோகித்துக் கழித்த திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் ரகங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆபீஸ் உபயோகத்துக்கென்று செய்தவை. உடம்பு கெட்டி, கீபோர்டு அருமை. புத்தம் புதியது என்ற பெயரில் மலிவாக விற்கும் சிலவற்றில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு மட்டும் இருக்கும். ரேமைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பதால் பிறகு கூட்டவும் முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே அதுதான். இரண்டு ஜன்னல் திறந்தால் மூச்சுத் திணறும். அதைவிட 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பழைய மெஷின் எவ்வளவோ மேல்.

ஆனால் எல்லாப் பழசும் நல்ல பழசு அல்ல. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் சில்லானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கவேண்டும். இதைக் கண்டுபிடிக்க இஞ்சினியர் வேண்டாம். ஐ5 என்பதை அடுத்து 8250 என்றிருந்தால் எட்டாவது. 7200 என்றால் ஏழாவது, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1135 என்றிருந்தால் பதினொன்றாவது. கடைக்காரர் "ஐ5 ஹை ஜீ, ஏக்தம் நயா ஜைசா" என்பார்; எந்த ஐ5 என்று அவர் சொல்லமாட்டார்.

பேட்டரியின் நிலையை விண்டோஸே அறிக்கையாகத் தரும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவு, இரண்டும் அதில் இருக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மெஷினை அணைத்துப் போட்டு, பயாஸுக்குள் பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். "வாரண்டி ஹோ ஜாயேகா" என்பது வாரண்டி ஆகாது.

கட்டடக்கலை, அனிமேஷன், மெஷின் லேர்னிங் படிப்பவர்கள் விஷயம் வேறு. அங்கே கிராபிக்ஸ் சில்லுக்கு வேலை உண்டு. முடிந்தால் புதிதே வாங்கட்டும். அதையும் அட்மிஷனுக்கு முன்பே அவசரப்பட்டு வாங்காமல், வகுப்பு தொடங்கி ஒரு மாதம் கழித்து, சீனியர்களையும் லேப் பொறுப்பாளரையும் கேட்டு வாங்கலாம். அதுவரை காலேஜ் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது.

நம் சங்கத்தில் கணினித் துறை இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் நூலக அறையில் உட்கார்ந்து, கொண்டுவரும் மெஷின்களைப் பார்த்துச் சொல்லட்டும். அலமாரியில் லேப்டாப் சும்மா தூங்கும் வீட்டார், தங்கள் கோப்புகளை நன்றாக அழித்துவிட்டு அதே நாளில் சங்கத்திடம் கொடுத்தால், வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளையின் முதல் செமஸ்டர் அதில் நடந்துவிடும்.