உப்பை மறந்த உப்பு யாத்திரை

பழைய வரலாற்றை நடித்துக் காட்டும் விழாக்களில் எங்களுக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. கதர்க் குல்லாய் இருக்கும், கொடி இருக்கும், தலைவர் வேடமிட்ட மாணவரின் கையில் தடியும் இருக்கும். பகல் ஒரு மணியானதும் வேனில் பிரிஞ்சிப் பொட்டலங்கள் வந்திறங்கும். தியாகிகள் அனைவரும் நிழலில் அமர்ந்து நெகிழித் தேக்கரண்டியால் உண்பர். அந்தப் பொட்டலத்தோடு வரலாறு முடிந்துபோகிறது என்பது எங்கள் கட்சி.

வேதாரண்யம் யாத்திரையை நடிப்பவர்கள் இதைச் செய்யும்போது மனத்தாங்கல் இரட்டிக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டனர். நூற்றைம்பது மைல் நடந்து 28ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்தனர். 30ஆம் நாள் உப்பெடுத்தனர். வழியில் அவர்களுக்குச் சோறோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். கும்பகோணத்தில் இடமும் விருந்தும் அளித்த பந்துலு ஐயர் ஆறு மாதம் சிறை சென்றார். மற்ற ஊர்களில் சாலையோர மரக்கிளைகளில் உணவு மூட்டைகள் தொங்கின. ஆற்றங்கரைகளில் பெரிய பாத்திரங்களில் சோறு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஆக, அந்த யாத்திரையில் உப்புக்கு முன்பே சோறு சட்டத்தை மீறிவிட்டது. அந்தச் சோற்றை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டுக் குல்லாயை மட்டும் போட்டுக்கொள்வது என்ன நியாயம்?

இப்படியெல்லாம் பேசிய குற்றத்திற்காக, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரலில் சமையற்பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. திருமுல்லைவாயிலில் புறப்பட்டு அம்பத்தூர் வழியே மேனாம்பேட்டில் ஒரு வெற்றுத் திடலை அடைவது, அங்கே அறுபது பேருக்கு நொய்க்கஞ்சியும் துவையலும் சமைத்து உண்பது என்பது ஏற்பாடு. தமிழ் படித்தவர்களுக்கே உரிய மண்பானை மோகம் எங்களையும் விடவில்லை. நான்கு புதுப்பானைகளை வாங்கி, வாங்கிய கையோடு அடுப்பில் ஏற்றினோம். புதுப்பானையை நீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிப் பழக்கிய பின்னரே தீக்குக் காட்ட வேண்டும் என்பது எங்கள் பாட்டிமார் எல்லாருக்கும் தெரியும். முதுகலைப் பட்டத்தில் அது பாடமாக இல்லை. அரைமணி நேரத்தில் முதற்பானை படீரென்று விரிந்து, கஞ்சி முழுவதும் அடுப்பில் இறங்கித் தீயை அணைத்தது. வாங்கிய சவுக்கு விறகோ பச்சை. புகை திடலைத் தாண்டித் தெருவுக்குள் புகுந்தது.

எஞ்சியதை வாடகை அண்டா ஒன்றுக்கு மாற்றினோம். அப்படி மாற்றும்போது ஒரு மாணவரின் மணிக்கட்டில் கொதிகஞ்சி தெறித்தது. (அன்று மாலை அவர் வீட்டு வாசலில் அவருடைய அன்னையின் முன் நின்றதை இன்னும் மறக்கவில்லை. அந்த அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.) அந்தக் கலவரத்தில் அண்டாவைக் கவனிப்பாரில்லை. தீய்ந்த வாடை வந்த பின்னரே இருவர் ஓடி, நீண்ட கரண்டியால் அடியோடு கிளறத் தொடங்கினர்.

புகையைப் பார்த்துத் தெருவிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் அப்போது போட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. "கெளறாத கண்ணு, கெளறாத! கெளறுனா மொத்தமும் பாழு. கட்டைய இழு மொதல்ல!"

"சரிங்க ஆயா" என்று கட்டையை இழுத்தோம். மேற்கஞ்சியை மட்டும் அடி அசையாமல் மொண்டு வேறு பாத்திரத்தில் ஊற்றச் செய்து, பாதியைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்தான். முதல் வாய் வைத்ததும் அவரே கேட்டார்: "உப்பு எங்கப்பா?"

உப்பு யாத்திரைக்கு உப்பு வாங்கவில்லை! அறுபது பேரும் சிரித்த சிரிப்பில் பசியே சற்று அடங்கியது. பக்கத்துக் கடையில் ஒரு கிலோ அயோடின் உப்புப் பொட்டலம் வாங்கிவந்து, பிற்பகல் நான்கு மணிக்கு உண்டோம்.

நாங்கள் சொல்ல வந்தது இனிமேல்தான். கைகழுவும்போது ஒரு மாணவி கேட்டார்: "ஐயா, நம்ம புகைக்கே தெருவே வந்துடுச்சே. அன்னைக்கு நூறு பேருக்கு எப்படி மறைச்சு சமைச்சாங்க?" பதினைந்து ஆண்டுகளாக மரக்கிளை மூட்டைகளைப் பற்றி வகுப்பில் உருக்கமாகப் பேசிவந்த எங்களுக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் எழுந்ததில்லை. நூறு பேருக்குச் சோறென்றால் இருபது கிலோ அரிசியாவது வேண்டும். வண்டி விறகு வேண்டும். பல கைகள், பல மணி நேரம் வேண்டும். புகையை முந்தானையால் மூட முடியாது; குழம்பு கொதிக்கும் மணத்தைக் காவலரின் மூக்குக்குத் தெரியாமல் வைக்கவும் முடியாது. ஆகவே ஒரு வீடு தனித்து அதைச் செய்திருக்க இயலாது. ஒன்று, பல வீடுகள் படி படியாகச் சமைத்துச் சேர்த்திருக்க வேண்டும். அன்றேல் ஊர் முழுவதும் அறிந்தும் வாய் திறவாமல் இருந்திருக்க வேண்டும். எப்படியாயினும் அது ஊரின் செயல். விருந்தளித்தவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அடுப்பூதிய பெண்களின் பெயர்களை நாங்கள் படித்த நூல்களில் காணவில்லை. பானை உடையாமலும் விறகு புகையாமலும் இருந்திருந்தால் இதை யோசித்தே இருக்க மாட்டோம்.

அமெரிக்காவில் 1861–65 உள்நாட்டுப் போரை நடிப்பவர்களுள் சிலர், அக்காலச் சிப்பாய்கள் தின்ற கல் போன்ற பிஸ்கோத்தைத் தாமே சுட்டுத் தின்கிறார்கள். இதை வெறும் பொழுதுபோக்கென்று நாங்களும் ஒருகாலத்தில் எள்ளியதுண்டு. இப்போது எள்ளுவதில்லை.

துறை நண்பர் ஒருவர் மறுக்கிறார்: "பிள்ளைகளைச் சுட்டுக்கொள்ள வைத்துத்தான் வரலாறு சொல்ல வேண்டுமா?" மணிக்கட்டுத் தழும்பை நினைக்கையில் இதற்கு எங்களிடம் முழு விடை இல்லை. கல்யாணச் சமையல் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளாதது எங்கள் தவறே. அதற்காகப் பொட்டலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் ஏற்பதற்கில்லை.

2030இல் வேதாரண்யம் யாத்திரைக்கு நூறாண்டு நிறைகிறது. ஊர் ஊராக நடைப்பயணங்கள் நடக்கும், குல்லாய்களுக்குக் குறைவிராது. மேனாம்பேட்டுத் திடலில் மீண்டும் அடுப்பு மூட்ட நாங்கள் எண்ணியிருக்கிறோம். சமையற்காரர் ஒருவரிடம் இப்போதே பேசிவிட்டோம். தப்பிய மூன்று பானைகளும் வீட்டில் வடிகஞ்சி குடித்துப் பழகிவிட்டன. உப்பு வாங்கும் பொறுப்பை மாணவர்கள் எங்களிடம் தர மறுக்கிறார்கள்.