பூட்டிய அறைக்கு ஒரு வக்காலத்து

அமெரிக்க அதிபர் வேட்பாளர்களைப் பொதுமக்கள் தேர்ந்தெடுப்பதுதான் அந்நாட்டு அரசியலின் சீரழிவுக்குக் காரணம் என்று வாதிடுகிறது ஒரு கட்டுரை. பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல்கள் கட்சிகளை ஆவேசக்காரர்களின் கையில் ஒப்படைத்துவிட்டனவாம். 1972க்கு முன்பு இருந்ததுபோல் கட்சிப் பெரியவர்கள் கூடிப் பேசி வேட்பாளரை அறிவிக்க வேண்டுமாம். கட்சி என்பது அதைச் சேர்ந்தவர்களின் சொந்த அமைப்பு, அதில் வெளியாருக்கு என்ன வேலை என்றும் கேட்கிறது. நிதானமான குரலில் எழுதப்பட்டிருப்பதால் பலரும் இதை நிதானமான யோசனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் படித்து முடித்தபோது கோபம்தான் வந்தது. வரலாற்றில் பாதியை மறைத்தால் மட்டுமே இந்த முடிவுக்கு வந்து சேர முடியும்.

பெரியவர்களின் ஞானத்துக்குச் சான்றாக லிங்கனையும் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையும் கட்டுரை காட்டுகிறது. 1860இல் சிகாகோ மாநாட்டில் மூன்றாம் சுற்றில் லிங்கன் வென்றது உண்மை. அந்த வெற்றிக்காக அவருடைய ஆட்கள் பென்சில்வேனியாவின் சைமன் கேமரனோடு பேசிய பேரம் கட்டுரையில் இல்லை. கேமரன் போர்த்துறைச் செயலாளர் ஆனார். ஊழல் புகார்களுக்கு நடுவே 1862இல் அந்தப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அதே மாநாட்டு முறைதான் 1852இல் 49ஆம் சுற்றில் பிராங்க்ளின் பியர்ஸையும் நான்கு ஆண்டு கழித்து ஜேம்ஸ் புக்கானனையும் கண்டெடுத்தது. நாட்டை உள்நாட்டுப் போரின் விளிம்புக்குக் கொண்டுபோனவர்கள் இந்த இருவர். 1920இல் சிகாகோவின் பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே வாரன் ஹார்டிங்கின் பெயர் முடிவானதாகச் சொல்வார்கள். அவருடைய அமைச்சரவையில் உள்துறைச் செயலாளராக இருந்த ஆல்பர்ட் ஃபால் எண்ணெய் வயல் லஞ்சத்துக்காகச் சிறைக்குப் போனார். கட்டுரையாளர் இரண்டு நல்ல பெயர்களை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் குப்பையில் தள்ளிவிட்டார்.

1924ஐயும் அவர் தொடவில்லை. நியூயார்க்கில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பெரியவர்களுக்குள் உடன்பாடு வர 103 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. கடைசியில் எவருக்கும் உற்சாகம் தராத ஜான் டேவிஸ் வேட்பாளரானார், பெருந்தோல்வி அடைந்தார். அந்த மாநாட்டில் அதைவிட வெட்கக்கேடான ஒன்றும் நடந்தது. கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் தீர்மானம் மயிரிழையில் தோற்கடிக்கப்பட்டது. நிதானமானவர்கள் என்று நமக்குச் சிபாரிசு செய்யப்படும் பெரியவர்களுக்கு முகமூடி அணிந்த கொலைகாரர்களின் பெயரை உச்சரிக்கும் துணிவு இல்லை.

கட்சி சொந்த அமைப்பு, வெளியாருக்கு அதில் இடமில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். கட்டுரையின் அச்சாணி இதுதான். இதை அவர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. டெக்சாஸ் ஜனநாயகக் கட்சி 1932இல் வெள்ளையர் மட்டுமே கட்சியில் சேரலாம், அவர்கள் மட்டுமே பிரைமரியில் வாக்களிக்கலாம் என்று தீர்மானம் போட்டது. அன்றைய தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வென்றவரே தேர்தலிலும் வெல்வார். பிரைமரியில் வாக்கு இல்லாதவருக்கு அரசியலிலேயே வாக்கு இல்லை. ஹூஸ்டனைச் சேர்ந்த கறுப்பின முடிதிருத்துநர் ஒருவர் வழக்குப் போட்டார். 1935இல் உச்ச நீதிமன்றம், கட்சி ஒரு தன்னார்வச் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது அதன் உரிமை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பியது. தர்குட் மார்ஷல் வாதாடிய ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் 1944இல்தான் அந்தத் தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது. எட்டு நீதிபதிகள் ஒருபக்கம், ஒருவர் மறுபக்கம். உச்ச நீதிமன்றமே கைகழுவிய ஒரு வாதத்தை எண்பது ஆண்டு கழித்துத் தூசி தட்டி எடுத்துவருகிறவர், அது யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்று ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

வழக்கில் வென்ற பிறகும் கதவு திறந்துவிடவில்லை. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத் தொழிலாளி ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றதற்காக 1962இல் தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டவர். அடுத்த ஆண்டு காவலில் கொடூரமாக அடிக்கப்பட்டவர். 1964இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு அவரும் தோழர்களும் வந்தார்கள். மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே பிரதிநிதிகளாக வந்திருக்கிறார்கள், அந்த இடம் எங்களுக்கும் உரியது என்று முறையிட்டார்கள். ஹேமர் சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தபோது தொலைக்காட்சிக் கேமராக்களைத் திசைதிருப்ப அதிபர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். கடைசியில் மேலிடம் கொடுக்க முன்வந்தது இரண்டு இருக்கைகள். அந்த இரண்டில் யார் உட்கார வேண்டும் என்பதையும் மேலிடமே முடிவு செய்தது. ஹேமர் அதில் இல்லை. அவர்கள் மறுத்துவிட்டார்கள். பூட்டிய அறை எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நான்கு ஆண்டு கழித்து ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடாமல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும், ஜூன் மாதம் கொல்லப்பட்ட ராபர்ட் கென்னடியும்தான் பிரைமரிகளில் பெருவாரியான வாக்குகளை அள்ளியிருந்தார்கள். மாநாட்டு அரங்குக்கு வெளியே சிகாகோ போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்க, உள்ளே போர் எதிர்ப்புத் தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. நவம்பரில் நிக்சன் வென்றார். பிரதிநிதிகளைத் தேர்வுசெய்யும் விதிகளை மாற்றிய மெக்கவர்ன் - ஃப்ரேசர் குழு இந்த அவமானத்திலிருந்துதான் பிறந்தது. கட்டுரையாளர் அந்தச் சீர்திருத்தத்தை ஏதோ சில கல்விமான்களின் ஆசை என்று எழுதுகிறார். அதற்காகத் தலை உடைபட்டவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் இது.

மக்கள் தேர்ந்தெடுத்தால் ஆவேசக்காரர்களே வருவார்கள் என்ற பயத்துக்கு அவர் காட்டும் ஒரே உதாரணம் 2016இன் டிரம்ப். அவரைப் போற்றுகிறவர்களும் தூற்றுகிறவர்களும் கணக்கைப் பார்க்க வேண்டும். தெற்கு கரோலைனாவில் அவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு. ஆனால் மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவர் பக்கம் போனார்கள். முதலிடம் பெற்றவர் பெரும்பகுதியையோ முழுவதையோ அள்ளிக்கொள்ளலாம் என்ற அந்த விதியை எழுதியவர்கள் வாக்காளர்கள் இல்லை, குடியரசுக் கட்சி நிர்வாகிகள். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்கெல்லாம் வாக்குக்கு ஏற்ற பங்கு உண்டு. விதியின் கோளாறை வாக்காளரின் தலையில் கட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

மக்களின் தேர்வு நல்ல விளைவையும் தந்திருக்கிறது. 1960இல் கத்தோலிக்கர் ஒருவருக்குப் புரோட்டஸ்டன்ட்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் தயங்கியபோது, மேற்கு வர்ஜினியா பிரைமரியில் வென்று அவர்கள் வாயை அடைத்தார் ஜான் கென்னடி. 2008 தொடக்கத்தில், பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் வாக்களிக்கும் கட்சிப் பெரியவர்களான சூப்பர் பிரதிநிதிகளில், ஆதரவை அறிவித்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஹிலாரி கிளின்டன் பக்கம். ஒபாமாவுக்கு வழி திறந்தவர்கள் அயோவாவின் சாதாரண வாக்காளர்கள். பெரியவர்களிடமே விட்டிருந்தால் அந்த அதிபர் நமக்குப் பெயராகக்கூடத் தெரிந்திருக்க மாட்டார்.

2024ஐக் கட்டுரையாளர் பெரியவர்களின் வெற்றியாகக் கொண்டாடுவதுதான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாதது. கமலா ஹாரிஸின் தாய்வழிப் பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம் என்பதால் நம்மில் பலர் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியில் தவறில்லை. நடந்ததையும் பார்க்க வேண்டும். அப்போதைய அதிபர் பைடனின் வயதைக் குறித்து வாக்காளர்கள் முன்பே கவலை தெரிவித்து வந்தார்கள். மேலிடம் உட்கட்சி விவாதங்களை நடத்தவில்லை. புளோரிடாவில் கட்சி பைடன் பெயர் ஒன்றை மட்டுமே கொடுத்ததால் பிரைமரியே நடக்கவில்லை. டிரம்புடனான ஜூன் 27 விவாதத்தில் அவருடைய தடுமாற்றத்தை நாடே பார்த்தபின் ஜூலை 21 அன்று அவர் விலகினார். இரண்டு வாரத்தில் ஹாரிஸ் வேட்பாளர். முந்தைய போட்டியிலிருந்து 2019 டிசம்பரில் ஒரு வாக்கும் பதிவாகும் முன்பே விலகியிருந்த அவருக்கு, மக்கள்முன் தன்னைச் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பு இம்முறையும் தரப்படவில்லை. தேர்வாளர் வாக்குகளில் 226க்கு 312 என்று டிரம்பிடம் தோற்றார். அவருக்கும் செய்த துரோகம் அது.

பிரைமரிகளில் குறை இல்லையா? உண்டு. 2016இல் தகுதியுள்ளவர்களில் சுமார் 28 சதவீதம் பேரே வாக்களித்தார்கள். நியூயார்க்கில் ஏப்ரல் வாக்குப்பதிவுக்குக் கட்சி மாறிப் பதிவதற்கான கெடு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு குறைவான பேரே வருகிறார்கள் என்று குறைகூறி, வருகிறவர்களையும் துரத்தச் சொல்கிறது கட்டுரை.

வேட்பாளரை முடிவு செய்யப்போகும் அந்த அறையில் யார் யார் இருப்பார்கள், அவர்களை அங்கே அனுப்பியது யார், அவர்கள் தவறிழைத்தால் யாரிடம் பதில் சொல்வார்கள்? நீண்ட கட்டுரையில் இந்த மூன்றுக்கும் ஒரு வரி பதில்கூட இல்லை. அந்தப் பதிலை எழுதும்வரை அவருடைய யோசனை பரிசீலனைக்கே உரியதில்லை.