மனைவியின் புண்ணுக்குத் துறை இல்லை

தொல்காப்பியப் புறத்திணையியலில் தொடாக் காஞ்சி என்றொரு துறை உண்டு. போரில் புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் அண்டாமல் மனைவி காப்பது. புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் அப்படி ஒரு வீட்டைக் காட்டுகிறார். வேப்பிலை செருகுகிறார்கள், வெண்கடுகு தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள், காஞ்சிப்பண் பாடுகிறார்கள். ஒருவன் உடம்பு தேறுவதற்கு எத்தனை பேருடைய வேலை தேவைப்படுகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சாட்சி அது. இந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: மனைவி புண்பட்டுக் கிடந்தால் அது எந்தத் துறை? இலக்கணத்தில் அப்படி ஒன்று இல்லை. வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களின் விடுப்பு விதிகளிலும் பெரும்பாலும் இல்லை.

மருத்துவமனை வாசல்வரை கொஞ்சம் அக்கறை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மறைமலை நகரிலும் சிறுசேரியிலும் உள்ள பெரிய கம்பெனிகள் குழுக் காப்பீடு எடுத்திருக்கின்றன. அறை வாடகை, அறுவை சிகிச்சைக் கட்டணம், வீட்டுக்கு வந்தபின் வாங்கும் மாத்திரை எல்லாம் கணக்கில் வரும். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரி மட்டும் யார் கணக்கிலும் வராது. ‘ஆறு வாரம் ஓய்வு, கனமானது தூக்கக் கூடாது.’ தண்ணீர்க் குடத்தையும் குக்கரையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அந்த ஆறு வாரம் யார் தூக்குவது? ஆண் நோயாளி என்றால் விடை வீட்டிலேயே, சம்பளமில்லாமல் இருக்கிறது. பெண் நோயாளி என்றால் தூக்க வேண்டியவளே படுத்திருக்கிறாள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்லும் கணக்கு இது: வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செய்கிறாள், ஆண் 88 நிமிடம். ‘வீட்டில் ஓய்வு’ என்று எழுதிக் கொடுப்பது அவளை ஒரு வேலையிடத்திலிருந்து இன்னொரு வேலையிடத்துக்கு மாற்றல் செய்வதுதான்.

நம் மொழியில் பெண்ணின் ஓய்வுக்கு ஓர் அழகான சொல் இருக்கிறது: பச்சை உடம்பு. பிள்ளை பெற்றவளுக்குத் தாய் வீடு உண்டு, பத்தியச் சாப்பாடு உண்டு, ‘பச்சை உடம்புக்காரி, குளிர்ந்த தண்ணியில கை வைக்காதே’ என்று அதட்ட ஒரு கிழவியும் உண்டு. பித்தப்பையை எடுத்தவளுக்கோ மார்பகத்தை எடுத்தவளுக்கோ அந்தச் சொல் கிடையாது. தையல் போட்ட அவள் உடம்பும் பச்சைதானே?

சட்டமும் இதே கிழவியின் மனசோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் பேறுகாலத்துக்கு 26 வாரம் முழுக்கூலி. கருத்தடை அறுவை செய்துகொண்டால் 14 நாள் முழுக்கூலி. கருப்பையையே எடுத்துவிட்டால்? சாதாரண நோய்ப்படி, கூலியில் 70 விழுக்காடு. பிள்ளை பெறும்போதும் பெறுவதை நிறுத்தும்போதும் நாம் முழு மனுஷி. மற்ற நேரத்தில் பத்தில் ஏழு பங்கு. (70 விழுக்காடு ஆணுக்கும்தானே என்பார்கள். ஆமாம். அவனுக்குத்தான் தொடாக் காஞ்சி இருக்கிறதே.)

எனக்குக் கருப்பை நீக்கம் நடந்தபோது நான் வேலை பார்த்தது ஒரு தனியார் கல்லூரியில். கேரள அரசுப் பணி விதிகளில் இந்த அறுவைக்கென்றே 45 நாள் விடுப்பு இருக்கிறது, அதை அச்செடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். “மேடம், அது கவர்மென்ட். உங்க வீட்டில அம்மா இருக்காங்கல்ல?” என்றார் அலுவலர். அம்மாவுக்கு அப்போது எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. கல்லூரி தராத விடுப்பை அவள் கால்கள் ஈடுகட்டின.

எனக்காவது மாதச் சம்பளம். என் மாணவி ஒருத்தியின் அம்மா மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிறார், ஒப்பந்தக்காரர் மூலம். செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் அறுவை நடந்தது, செலவில்லை, நல்ல கவனிப்பு. சிக்கல் அதற்குப் பிறகுதான். நோய்க்காலப் பணம் கிடைக்க ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறியதில் இரண்டு மாதம் பிடித்தமே காட்டப்படவில்லை. ஒரு ரூபாய் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் வேலைக்குப் போனார். துணி மடிக்கும் வேலை கொடுங்கள், மெத்தை தூக்க முடியாது என்று கேட்டதற்கு, “முடிஞ்சா வாம்மா, முடியலன்னா வேற ஆள் இருக்கு” என்று பதில். கடைகளிலும் நிறுவனங்களிலும் தொழிலாளிக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது, பெரிய வெற்றி அது. வயிற்றில் தையலோடு திரும்பி வருகிறவளுக்கு இலகுவான வேலை தர வேண்டும் என்ற வரி அதில் இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளும் அம்மாவைப் பார்த்துக்கொண்டவள், சமைத்தவள், தம்பியைப் பள்ளிக்கு அனுப்பியவள் என் மாணவி. பிறகும் அம்மா வேலை முடித்து வந்து படுத்துவிட, வீட்டைப் பார்க்க அவளே நின்றாள். 75 விழுக்காடு வருகை இல்லாமல் போனது. அபராதம் கட்டச் சொன்னார்கள். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘தாயாருக்கு அறுவை சிகிச்சை’ என்று எழுதியிருந்தாள். அலுவலகத்தில் அதை அடித்து ‘சொந்தக் காரணம்’ என்று மாற்றினார்கள். ரிசார்ட் தராத கூலியை ஒரு மாணவியின் படிப்பு கட்டியது. இதில் எது சொந்தம்?

இதையெல்லாம் கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டார்கள் என்று உடனே பயமுறுத்துவார்கள். பேறுகால விடுப்புக்கும் இதைத்தான் சொன்னார்கள். செலவைத் தனி முதலாளியின் தலையில் கட்டினால் அவர் கணக்குப் பார்ப்பார், உண்மைதான். அதனால்தான் பொதுக் காப்பீடு வேண்டும் என்கிறேன். ஜெர்மனியில் உடம்பு சரியில்லாதவருக்கு முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தருகிறார். மருத்துவமனையிலிருந்து வந்தவரால் வீட்டு வேலை செய்ய முடியவில்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை என்றால், பொது மருத்துவக் காப்பீடே வீட்டு உதவியாளருக்குச் செலவு செய்கிறது. நான்கு வாரம் வரை. 12 வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் 26 வாரம் வரை. மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டி வேலைக்குத் திரும்பவும் வழி இருக்கிறது. அங்கே சமையலறை என்பது சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது.

நம்மிடம் இ.எஸ்.ஐ. என்ற கட்டமைப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருக்கிறது. முதலாளி 3.25 விழுக்காடு, தொழிலாளி 0.75 விழுக்காடு கட்டுகிறார்கள். அந்தப் பணத்திலிருந்து அறுவைக்குப் பிந்தைய வாரங்களுக்கு முழுக்கூலியும் வீட்டு உதவிக்கான கூலியும் தர வேண்டும். ஒப்பந்தக்காரர் காட்டாமல் விட்ட நாள்களுக்கு அந்த இடத்தின் முதலாளி பொறுப்பேற்க வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் இலகுவான வேலை தர மறுப்பது குற்றமாக வேண்டும்.

வீட்டு உதவிக்கு வரப்போகிறவளும் ஒரு பெண்ணாகத்தான் இருப்பாள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கு அதில் வைத்த பெயரோ ‘தன்னார்வலர்’, கையில் தருவதோ ஊக்கத்தொகை. அந்தப் பெயரில் இன்னொரு படையைத் திரட்டிவிடாதீர்கள். வருகிறவளுக்குப் பணி நியமன ஆணை, மாதக் கூலி, இ.எஸ்.ஐ. எண் மூன்றும் முதல் நாளே கொடுங்கள்.