தள்ளிப்போன தேர்தலும் அநீதியே: மும்பை மாநகராட்சித் தேர்தல் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-ஆம் தேதி முடிந்தது. அடுத்த மன்றத்துக்கான வாக்குப்பதிவு 2026 ஜனவரி 15-ஆம் தேதிதான் நடந்தது. இடையில் தாராவிக்கோ மாட்டுங்காவுக்கோ செம்பூருக்கோ நகர்சேவக் (மாநகராட்சி உறுப்பினர்) என்று யாரும் இல்லை. 227 வார்டுகளின் பொறுப்பும் மாநில அரசு அமர்த்திய நிர்வாகி ஒருவரிடம் இருந்தது. ஓட்டுப் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்புக்கு இந்த வெற்றிடமே பெரிய காரணம் என்பது இந்த அமைப்பின் நிலைப்பாடு.

மன்றத்தின் காலம் ஐந்தாண்டைத் தாண்டக் கூடாது, அது முடியும் முன்பே புதிய தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. இதைத் தட்டிக்கழிக்கச் சாக்குச் சொல்லக் கூடாது என்று 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மும்பையில் முதல் பாதியை மட்டும் மதித்தார்கள்: பழைய மன்றம் குறித்த நாளில் கலைந்தது.

தாமதத்துக்கு ஒரு கட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது. மகா விகாஸ் அகாடி கூட்டணி அரசு வார்டுகளை 236 ஆக்கியது. அடுத்து வந்த ஷிண்டே அரசு 2022 ஆகஸ்டில் மறுபடி 227-க்குக் கொண்டுவந்தது. வார்டு எல்லை வகுக்கும் அதிகாரத்தை மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து அரசுக்கு மாற்றும் சட்டம் 2022 மார்ச்சில் சட்டமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. இதர பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டு வழக்கும் சேர்ந்துகொண்டது. உச்ச நீதிமன்றம் 2022-இல் இருக்கும் நிலையே தொடரட்டும் என்றது. நான்கு மாதத்தில் தேர்தலை முடிக்கும்படி 2025 மே 6-ஆம் தேதி உத்தரவிட்டது. பிறகு 2026 ஜனவரி 31 வரை அவகாசம் நீட்டியது. இடஒதுக்கீடு அவசியம். அதைக் காரணம் காட்டித் தேர்தலையே நிறுத்திவைத்ததை ஏற்க முடியாது.

இழப்பு ஏட்டளவில் நிற்கவில்லை. தாராவி மறுசீரமைப்பு அதானி குழுமத்துக்குப் போனது இந்த இடைவெளியில்தான். அது மாநில அரசின் முடிவு என்றாலும், தாராவியின் குரலாகக் கேள்வி எழுப்ப மாநகராட்சி மன்றம் என்று ஒன்று இல்லை. 2025 பிப்ரவரியில் 74,427 கோடி ரூபாய் வரவுசெலவுத் திட்டம் வந்தபோது ஆணையரும் நிர்வாகியும் ஒருவரே. குடிசைப் பகுதிக் கடைகள், பட்டறைகளுக்குச் சொத்துவரி விதிக்கும் யோசனை அதில் இருந்தது. தாராவியில் இட்லி அவித்து விற்கிறவரும் தோல் பட்டறை வைத்திருப்பவரும் கட்ட வேண்டிய வரி அது. அவர்களிடம் ஓட்டு வாங்கிய மாநகராட்சி உறுப்பினர் ஒருவர்கூட அதை விவாதிக்க அங்கே இல்லை.

இது மும்பையின் தனி நோய் அன்று. சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்தலைக் காணவில்லை. 2016-க்குப் பின்னும் 2022 வரை தனி அதிகாரியே ஆண்டார். பெங்களூரு மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 முடியும்வரை அங்கே தேர்தல் இல்லை.

இந்த நிலை மாற, வார்டு வகுக்கும் அதிகாரம் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கே திரும்ப வேண்டும். காலம் முடிவதற்கு ஓராண்டு முன்பே எல்லைகள் உறுதியாக வேண்டும். உறுதியாகாவிட்டால் பழைய எல்லைகளிலேயே தேர்தல் நடக்க வேண்டும். நிர்வாகியின் ஆட்சி எதன் பொருட்டும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தில் அவர் புதிய வரி விதிப்பதும் மாநகராட்சி நிலத்தைக் கைமாற்றுவதும் கூடாது.

இப்போதைய மன்றத்தின் காலம் 2031-இல் முடியும். அதற்குள் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வந்துவிடும். எல்லையை மாற்ற வேண்டும் என்ற காரணம் அன்று தயாராக இருக்கும். ஆகவே சட்டத்திருத்தம் இப்போதே வர வேண்டும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வாக்காளர்கள் தத்தம் நகர்சேவக்கிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் இதை எழுத்தில் கேட்க வேண்டும் என இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.